அணிலுக்குக் குரல் கொடுத்தவள்

என் நண்பர் ஒருத்தர் ஏற்காடு பக்கம் மஞ்சக்குட்டை கிராமத்துல உக்காந்து, கையால வரைஞ்சு எடுத்த அணில் கார்ட்டூன் படம் தொலைஞ்சே போச்சுன்னு நினைச்சிருந்தோம். போன மாசம் அவர் மக பழைய டிரங்குப் பெட்டியில அதைக் கண்டெடுத்து, ஏற்காடு சர்ச் ஹால்ல போட்டுக் காட்டுச்சு.

அணிலுக்குக் குரல் கொடுத்தது என் மனைவி ஸ்டெல்லா. அவ இப்ப இல்ல. வேற எதுலயும் அவ குரல் பதிவாகல. ஆனா படத்துல அணில் மாதிரி கீச்சுனு கேக்கணும்னு அவ குரலோட வேகத்தைக் கூட்டியிருந்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஒண்ணும் தோணல.

கூட்டம் கலைஞ்சதும் அந்தப் பொண்ணு வந்து, "ஏனுங்க மாமா, வேகத்தைக் குறைச்சுப் போடட்டுங்களா?"ன்னு கேட்டுச்சு. தலையாட்டினேன். படத்தை மெதுவா ஓட விட்டுச்சு.

"இருட்டப் போகுதுங்க, ஊட்டுக்கு வாங்க."

அணில் தன் ஜோடியைக் கூப்பிடற வசனம் அது. எஸ்டேட்ல நிக்கற என்னைச் சாயங்காலமானா ஸ்டெல்லா கூப்பிடறதும் அப்படித்தான்.

அழுகை வரல. எந்திரிச்சு, வாசல்ல விட்ட செருப்பைத் தேடிப் போனேன்.