இருபத்திமூன்று நிமிடம்

டோர்வல் விமான நிலையத்தில் என்னோடு விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் தாட்சாயினி, பார்த்தால் வாயில்லாப் பூச்சி. ஆனால் மறக்கத் தெரியாத பிறவி. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அவளுடைய மகள் வினோஜாவுக்கு வலிப்பு. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, படிவத்தில் நோய் என்ற இடத்தில், வைத்தியர் சொல்லக் கேட்ட பிரெஞ்சுச் சொல்லை மட்டும் எழுதினாள்: 'கிறீஸ்'. வலிப்புக்கும் அந்தச் சொல்தான். பிள்ளை அடம்பிடித்து நிலத்தில் உருளுவதற்கும் பிரெஞ்சு பேசும் இந்த ஊரில் அதே சொல்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம் வினோஜா சாப்பாட்டு அறையில் விழுந்து துடித்தாள். மேற்பார்வைக்கு நின்ற மதாம் ஜினெட், இவளுக்குக் கிறீஸ் வருமென்று எழுதியிருக்கிறது, தானாக அடங்கும் என்று மற்றப் பிள்ளைகளை விலக்கிவிட்டாள். வலிப்பை நிறுத்த மூக்குக்குள் அடிக்கும் மருந்து அலுவலக மேசை லாச்சியில் பிரிக்காமலே கிடந்தது. அம்புலன்ஸ் வந்து சேர இருபத்திமூன்று நிமிடம். பிள்ளை தப்பியது. ஆனால் வாயாடியாக இருந்தவள் இப்போது ஒரு சொல்லெடுக்கத் திணறுகிறாள்.

பள்ளிக்கூடம் அனுப்பிய கடிதத்தில் மன்னிப்பு இல்லை. நீங்கள் எழுதியது அந்தச் சொல்தானே என்று இருந்தது. தாட்சாயினி அதை இன்றுவரை கைப்பைக்குள் வைத்திருக்கிறாள்.

மூன்று வருடம் சனிக்கிழமைகளில் பிரெஞ்சு படித்தாள். வலிப்பு நோயாளர் சங்கமொன்றில் சேர்ந்து, அவசர மருந்து கொடுக்கப் பள்ளி ஊழியர்களைப் பழக்கும் பயிற்சியாளர் ஆனாள். சேவை மனம் என்று ஊரே புகழ்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கேட்டு வாங்கிய முதல் பள்ளிக்கூடம் எதுவென்று எனக்குத் தெரியும்.

நடந்ததைத் தட்டு அடுக்கிக்கொண்டே சொன்னாள். பயிற்சிப் பொம்மையைத் தரையில் கிடத்தி, ஜினெட்டைப் பக்கத்தில் முழங்காலில் இருத்தி, மணிக்கூட்டை அழுத்தியிருக்கிறாள். ஐந்தாம் நிமிடம், இப்போதுதான் மருந்து கொடுக்க வேண்டும் என்றாள். ஜினெட் கை நீட்டினாள். இவள் கொடுக்கவில்லை. இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது என்றாள். ஒன்பதாம் நிமிடத்தில் ஜினெட்டுக்கு விளங்கியது, அழத் தொடங்கினாள். இருபத்திமூன்று முடிந்த பிறகே மருந்து அவள் கைக்குப் போனது. முதல் தரம் பிழையாகச் செய்தாள். சரிவரும்வரை ஏழு தரம் செய்வித்தாள். கேட்க எனக்கு மனம் குளிர்ந்தது.

"இப்ப மனம் ஆறிட்டுதோ?" என்று கேட்டேன்.

"இல்லையக்கா. இந்தப் பயிற்சி வருசா வருசம் திருப்பிச் செய்யவேணும். அவவுக்குப் பென்சன் வர இன்னும் ஆறு வருசம் கிடக்கு. ஆறு வருசமும் நான்தான் போவன்."

"அதுக்குப் பேந்தாவது விட்டிடுவியோ?"

அவள் அடுத்த தட்டை எடுத்தாள்.

"அவவுக்குப் பென்சன் வரும். அந்தச் சொல்லை எழுதின எனக்கு?"