அடுப்படிக்கு ஒரு வயர்

எழுபத்து நாலில் நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, எங்கள் தெருவில் ரேடியோ இருந்தது இந்த ஒரு வீட்டில்தான். முன்கூடத்தில் மாமனாரின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், சுவரில் பலகை அடித்து வைத்திருந்தார்கள். அதற்கு உறை தைத்தது நான். நீலத் துணியில், ஓரத்துக்குச் சிவப்பு நூல் போட்டுத் தைத்தேன். அழுக்கானால் துவைப்பதும் என் வேலைதான். ஆனால் உறையைக் கழற்றிக் கொடுப்பது என் வீட்டுக்காரர். காய்ந்ததும் மாட்டுவதும் அவரே. ரேடியோவை நான் தொட்டதில்லை.

கடல் எங்களுக்கு இரண்டு மைல். கடலுக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன், அடுத்த வீட்டில் ஆள் பேசுவதுபோல அத்தனை தெளிவாக விழும். நம் பக்கத்து ஸ்டேஷன்கள்தான் கரகரக்கும். சாயங்காலம் பாட்டு ஆரம்பித்ததும் மாமனாரும் அவருடைய கூட்டாளிகளும் கூடத்தில் வந்து உட்காருவார்கள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மருமகள் போவதில்லை. போகாதே என்று யாரும் சொன்னதும் இல்லை. எனக்கே கால் வராது. பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தேன். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரியும், ஸ்லேட்டில் எழுதிக் காட்டுவேன், வாய் திறக்க மாட்டேன். அப்படிப்பட்ட பிறவி.

பாட்டு மட்டும் எனக்கு வேண்டும். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு நடை உண்டு. பாட்டு நேரம் வந்தால் சுளகை எடுத்துக்கொண்டு அந்த நடையில் உட்கார்ந்து அரிசி புடைப்பேன். ஒருநாள் மாமியார் வந்து நின்று பார்த்தார்கள்.

"ஏத்தா, காலையில புடைச்ச அரிசிதான அது? அதுல கல்லு எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

"குருணை கெடக்கு அத்தை."

"கெடக்கும் கெடக்கும். அங்கன பாட்டு முடியிற வரைக்கும் குருணை கெடக்கத்தான் செய்யும்."

அவ்வளவுதான் சொன்னார்கள். யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் நடையில் உட்கார்ந்தாலும் பாட்டு முழுசாக வராது. சுண்ணாம்புச் சுவர், இரண்டு முழம் கனம். ராகம் வந்து சேரும், தாளம் வந்து சேரும், சொல் பாதியிலேயே நின்றுவிடும். அதனால் அந்தக் காலத்துப் பாட்டு எனக்கு ஏராளமாகத் தெரியும். எதற்கும் முதலடி தெரியாது.

தெருவில் யார் வீட்டிலாவது கேதம் விழுந்தால் ரேடியோவும் வாயை மூடிக்கொள்ளும். உறை போட்டபடியே கிடக்கும். கேத வீட்டில் மாரடித்து அழுதுவிட்டு வருவேன். வந்து சோற்றுக்கு உலை வைக்கும்போது, காரியம் எப்போது முடியும், ரேடியோவை எப்போது திறப்பார்கள் என்று மனசு கணக்குப் போடும். சீ, என்ன பொம்பளை நீ என்று என்னையே வைதுகொள்வேன்.

பிறகு வீட்டுக்காரர் தோளில் தொங்கப் போடுகிற டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கினார். மாசி, பங்குனியில் மிளகாய்ப் பழம் களத்தில் காயும். காவலுக்கு அவர் அங்கேதான் இருப்பார். மதியச் சோறு நான் கொண்டுபோவேன். கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு. நெடி மூக்கில் ஏறித் தும்மல் வரும். சோற்றுத் தூக்கை இறக்கி வைத்ததும் டிரான்சிஸ்டரை எடுத்து நான் உட்காருகிற கருவேல நிழல் பக்கம் நகர்த்தி வைப்பார். கேள் என்றும் சொல்ல மாட்டார், என்ன பாட்டு என்றும் சொல்ல மாட்டார். நானும் கேட்டதில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு இரண்டு பாட்டு ஓடும், சில நாள் மூன்று. அந்தக் களத்து வெயிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

டேப் ரிக்கார்டர் வந்தது. டிவி வந்தது. இரண்டும் கூடத்துக்குத்தான் போயின. மாமனாரும் மாமியாரும் காலமான பிறகு கூடத்தில் போய் உட்கார எனக்குத் தடை ஒன்றும் இல்லை. உட்கார்ந்தால் சோறு வேக வேண்டுமே. ஒரு வரி கேட்டுவிட்டு ஓடுவேன், பால் பொங்கியிருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் மகன் லீவு போட்டுவிட்டு வந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவனுடைய அய்யாவுக்கு மூட்டுவலி அதிகமாகி, கம்பு ஊன்றித்தான் நடப்பார். பெரும்பாலும் அறையில் படுத்தேதான் இருப்பார். அவருக்காகப் பழைய பாட்டெல்லாம் தேடிப் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். கூடம், மாடி, அவர் அறை என்று இடத்துக்கு ஒரு சின்னப் பெட்டி, அதோடு ஸ்பீக்கர். கம்ப்யூட்டர் மாடியில் இருக்கும். பாட்டு அந்தந்தப் பெட்டியில் கேட்கும். முதலில் வயரில்லாமல் செய்து பார்த்தான். பாட்டு திக்கித் திக்கி வந்தது.

"இந்தச் சுவர் விட மாட்டேங்குதும்மா. தாத்தா கோட்டையில்ல கட்டி வச்சிருக்காக" என்றான்.

அந்தச் சுவரைப் பற்றி எனக்குத் தெரியாதா!

அதனால் வயர் இழுப்பது என்று முடிவாயிற்று. எல்லா வயரும் வந்து சேருவதற்கு ஒரு சுவிட்ச் வாங்க வேண்டும் என்றான். சுவிட்ச் என்றதும் விளக்குப் போடுகிறதை நினைத்தேன். அது இல்லையாம். கண்மாய் மடையை வைத்து அவன்தான் விளங்கச் சொன்னான்.

"மடையத் தொறந்தா தண்ணி எல்லா வயலுக்கும் ஒண்ணாப் போகுமில்லம்மா? இது அப்பிடி இல்ல. யாரு கேட்டாகளோ அந்த வாய்க்கால்ல மட்டும் விடும். கூடத்துல ஒரு பாட்டு ஓடும், அய்யா ரூம்ல வேற பாட்டு ஓடும். ஒண்ணோட ஒண்ணு கலக்காது."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டேன். ஒரே வீட்டில் ஆளுக்கொரு பாட்டா? எங்கள் வீட்டில் பாட்டு என்பது கூடத்தில் வைப்பது. மற்றவர்கள் காதில் விழுந்தால் விழும். அவரவர் கேட்டதை அவரவருக்குக் கொடுக்கிற ஒரு பெட்டி இருக்கிறது என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பாவுக்கும் மகனுக்கும் அதே பேச்சுத்தான். அஞ்சு வயர் சொருகுகிறது ஒன்று, எட்டு வயர் சொருகுகிறது ஒன்று. எதை வாங்குவது?

"எண்ணிப் பாருலே" என்றார் அவர். "நெட் வார பெட்டிக்கு ஒண்ணு. ஒன் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு. கூடத்துக்கு, மாடிக்கு, எனக்கு. அஞ்சு ஆச்சா?"

"எட்டுன்னா பின்னாடி ஒதவும் அய்யா."

"மிச்ச மூணு வாய்க்கு யாரக் கூப்பிட்டு ஊட்டப்போற? வார விருந்தாளிக்கா?"

மகன் சிரித்துவிட்டுத் தட்டை நீட்டினான். ரசம் ஊற்றிக்கொண்டே நின்றேன். அடுப்படிக்கு ஒன்று என்று சொல்ல வேண்டியதுதான். இரண்டே சொல். நாக்கு எழும்பவில்லை. வயதான காலத்தில் உனக்கு எதற்குப் பாட்டு என்று கேட்டுவிட்டால்? கேட்டாலும் பரவாயில்லை, சிரித்துவிட்டால்?

மறுநாள் ராமநாதபுரம் போனோம். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. அதை முடித்துக்கொண்டு மூன்று பேரும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெரியபட்டினத்து பாய். வீட்டுக்காரருக்கும் எனக்கும் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காராமல் ஓரமாக நின்றேன்.

மகன் ஒரு தகரப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அது வேணாம் தம்பி" என்றார் பாய். "நம்ம பக்கத்து உப்புக்காத்துக்கு ரெண்டு வருசத்துல துருப்பிடிச்சுப் போயிரும். பிளாஸ்டிக்கா எடுங்க." அஞ்சு வாய் ஒன்றும் எட்டு வாய் ஒன்றும் எடுத்துக் காட்டினார்.

"உள்ள விசிறி ஓடுமா பாய்? பாட்டு கேக்குற எடத்துல சத்தம் வரக்கூடாது."

"ஆபீசுக்கு எடுக்குற பெருசுலதான் விசிறி. அத வீட்டுல வச்சா உர்ருன்னுக்கிட்டே கெடக்கும். இது ரெண்டும் ஊமை. பச்ச லைட்டு மினுக்கும், அம்புட்டுத்தான்."

"ஸ்பீடு நூறு போதுமா, ஆயிரம் எடுக்கவா?"

"வெறும் பாட்டுக்கு நூறே தாராளம். ஆயிரம் போட்டாலும் அதே பாட்டுத்தான பாடப்போகுது?"

வீட்டுக்காரருக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. "கேட்டுக்கலே. அஞ்சு வாய் உள்ளதையே போடச் சொல்லு."

மகனும் சரி என்றான். பாய் சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு பில் போட உட்கார்ந்தார்.

நாளைக்குச் சுவரை வெட்டி வயர் பதிக்க ஆள் வருகிறான். பதித்துப் பூசி வெள்ளையடித்துவிட்டால் முடிந்தது. மகன் ஊருக்குப் போய்விடுவான். எனக்கென்று யார் மறுபடியும் சுவரை வெட்டுவார்கள்? இப்போது இல்லையென்றால் இனிமேல் இல்லை.

"அடுப்படிக்கு..." என்றேன்.

மகன் காதில் விழவில்லை. வீட்டுக்காரர் கம்பை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். பாய்தான் தலை நிமிர்ந்தார்.

"தம்பி, அம்மா என்னமோ சொல்றாக."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். முகம் சுடுகிறது. ஓடிவிடலாம் போல இருந்தது. ஓட முடியாது, கடை வாசலில் டவுன் பஸ் நிற்கிறது.

"அடுப்படிக்கும் ஒண்ணு வேணும்."

வீட்டுக்காரர் சிரித்தார். "அடுப்படிக்கு எதுக்கு? பாட்டு கேட்டாத்தான் ஒன் சோறு வேகுமாக்கும்?"

"சோத்துக்கு இல்ல. நான் அங்கனதான இருக்கேன்."

எனக்கே என் குரல் யாரோ பேசுவதுபோலக் கேட்டது. சத்தமாகச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். மகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்; எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவன் முகம்போல இருந்தது அவன் முகம்.

"எட்டே குடுங்க பாய்" என்றார் வீட்டுக்காரர், மகனுக்கு முந்திக்கொண்டு.

பாய் சின்னதை எடுத்து உள்ளே வைத்தார். "அதான் சரி அண்ணே. எங்க வீட்டுலயும் ரேடியோ அடுப்படியிலதான் கெடக்குது. எடுத்தா எனக்குக் கஞ்சி கெடைக்காது."

பாட்டுப் பெட்டி கூடுதலாக ஒன்று மகனிடம் இருந்தது, கெட்டுப்போனால் மாற்றுவதற்கென்று வாங்கியது. அதை அடுப்படி அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்குப் படாத மேல்தட்டில் வைத்தான். ரிமோட்டை என் கையில் கொடுத்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினான்.

"மொதல்ல என்ன பாட்டும்மா போடட்டும்?"

பெயர் சொல்லத் தெரிந்தால்தானே? அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், ராகத்தை மட்டும் மெல்ல இழுத்துக் காட்டினேன். நான் பாடி அவன் கேட்டது அதுதான் முதல்தடவை. சிரிக்கவில்லை. ஏழெட்டுப் பாட்டைப் போட்டுப் போட்டு நிறுத்தி, கடைசியில் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டின் சொல் எனக்குக் கிடைத்தது. நான் என்னவோ சோகப்பாட்டு என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறேன். ஒருத்தன் ஒருத்தியைக் கேலி செய்கிற பாட்டு அது.

மகன் சென்னைக்குப் போன பிறகு, ஒரு காலையில் குழம்பு கூட்டிக்கொண்டே ஒரு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, அந்தப் பாட்ட மறுபடியும் போடு. இங்கன லேசாத்தான் கேக்குது."

"ஒங்ககிட்டயும் பெட்டி இருக்குல்ல? நீங்களே போட்டுக் கேளுங்க. நான் அடுத்ததுக்குப் போகப்போறேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. கரண்டியை விட்டுக் குழம்பைக் கிண்டினேன். பிறகு அவர் அறையில் அந்தப் பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. நான் ரிமோட்டை எடுத்து அடுத்ததை அமுக்கினேன்.