நான்காவது சாவி

1934 ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். மேசையைச் சுற்றி நாற்காலிகள் நான்கு, ஆட்கள் மூன்று. பொம்மை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. லாரி ஓட்டுகிற சுப்பையா, அந்த வாரம் தன் லாரியின் டயர் எங்கே வெடித்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தகரக் கூரைமேல் மழை. கதவைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பியூன் வந்தார். கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ஸ்டோர்கீப்பரய்யா போயிட்டாக. அரை மணி இருக்கும். அக்கா ஒங்கள வரச் சொல்லிச்சு.”

யாரும் எழுந்திருக்கவில்லை. ரயிலை நிறுத்தவும் யாருக்கும் கை வரவில்லை. அது சாவி தீரும்வரை ஓடி, பாலத்தைத் தாண்டிய வளைவில் தானே நின்றது. அதன் பிறகுதான் குடையைத் தேடினோம்.

அது தொழிற்சாலை ஸ்டோர்கீப்பர் ஆசீர்வாதம் அண்ணனுடைய வீடு, அவருடைய ரயில். மூன்று நாளாக, மனைவி அன்னம்மாள் அக்கா துணையிருக்க, ஆஸ்பத்திரியில் கிடந்தவர், “ஞாயித்துக்கெழம தவறாம ஓட்டிருங்க. சும்மா கெடந்தா ஸ்பிரிங் இறுகிரும்” என்று சொல்லி வீட்டுச் சாவியைச் சுப்பையாவிடம் கொடுத்திருந்தார். ஸ்பிரிங் ஒரு வாரத்தில் இறுகாது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

இந்த நினைவுக் குறிப்பை அலங்காரமாக எழுத எனக்கு வராது. இஞ்சினுக்குப் படித்தவன், தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் பார்க்கிறவன். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரை என்னைவிட நெடுநாள் அறிந்தவர்கள். தொழிற்சாலை ஸ்டோரில் ஒரு ஆணி கேட்டாலும் “எதுக்கு?” என்று கேட்டு, பதிலைக் கேட்டு, அதற்குப் பொருத்தமான வேறொரு ஆணியைத் தருகிறவர். அந்தக் கேள்வியில் எரிச்சலடையாதவர்கள் மூணாறில் குறைவு. நான் முதல் வாரமே சண்டை போட்டேன். இரண்டாவது வாரம் ரயில் பார்க்கக் கூப்பிட்டார்.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பிள்ளைகள் விட்டுப்போன பொம்மை இஞ்சின் அது. சாவி கொடுத்தால் ஓடும். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் மேசை, மலை, பாலம் எல்லாம் அவரே செய்தார். பத்து வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் போன நம் மலை ரயிலின் சாயல் அதில் இருந்தது. ஆனால் அளவு சரியில்லை. நான் முதல் நாளே சொன்னேன்: பாலம் பெரிது, குகை சிறிது, ஸ்டேஷனைவிட ஸ்டேஷன் மாஸ்டர் உயரம். தபாலாபீஸ் தந்தி குமாஸ்தா வைத்தியநாதன் அதை மறுத்தார். அவர் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், பேச்சை விடமாட்டார். நான் அவரை மறித்தேன். சுப்பையா எங்கள் இருவரையும் மறித்தார். ரயில் ஒருபக்கம் பார்ப்பாரில்லாமல் ஓடி நின்றது.

அன்றுதான் ஆசீர்வாதம் அண்ணன் சட்டம் போட்டார். “முறுக்குன ஆளு பேசணும், மத்தவுக கேக்கணும். வண்டி நின்னா வாயும் நிக்கணும். ஓடுதப்ப ரயிலப் பத்திப் பேசப்பிடாது. அது கண்ணு முன்னாலதான ஓடுது? வீட்டுல என்ன நடக்குன்னு சொல்லுங்க.”

ஒரு சாவிக்கு இரண்டு மூன்று நிமிடம் வரும். அதற்குள் ஒருவர் தன் வாரத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். எனக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. என்னத்தைச் சொல்வது? “வேலந்தாவளத்துல இருந்து எங்கப்பா வந்திருந்தாருங்க. சந்தையில மாடு ஒண்ணு வாங்கினாராம். அவ்வளவுதானுங்க” என்றேன். மீதி நேரம் முழுக்க ரயில் சத்தம் மட்டும். ஆசீர்வாதம் அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், அந்தச் சத்தமும் என் பேச்சுத்தான் என்பதுபோல. அடுத்த வாரம் மாட்டின் நிறம் சொன்னேன். அதற்கடுத்த வாரம் அப்பா எதற்காக வந்தார் என்பதைச் சொன்னேன். நான்காவது வாரத்தில் என் கல்யாணப் பேச்சு முறிந்ததைச் சொல்லியிருந்தேன்.

பெரிய ஸ்பிரிங் போட்டால் இரண்டு மடங்கு நேரம் ஓடும், நானே போட்டுத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். “வேண்டாந் தம்பி. வண்டி நீளமா ஓடுனா வைத்தி சாமியும் நீளமாப் பேசுவாரு.”

“ஏன் ஓய், நான் பேசறதுல உமக்கு என்ன நஷ்டம்?” என்றார் வைத்தியநாதன்.

“எனக்கில்ல சாமி. நீங்க பேசுதப்ப சுப்பையா தூங்கி, கை பட்டு மலை சரிஞ்சு விழுது.”

ஆசீர்வாதம் அண்ணனுக்கும் எனக்கும் பெரிய தகராறு இறக்கத்தைப் பற்றித்தான். மேசையின் ஒரு முனையில் ரயில் மலையேறி மறுபக்கம் இறங்கும். ஏறும்போது திணறும், இறங்கும்போது பிய்த்துக்கொண்டு வந்து வளைவில் கவிழும். மலையை எடுத்துவிட்டுச் சமதளமாக்குங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியின் சக்கரத்தில் பழைய கம்பளித் துண்டு ஒன்றை ஒட்டி, உள்ளே ஈயக்குண்டு வைத்தார். இறக்கத்தில் அந்தப் பெட்டி ரயிலைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது. வளைவை மெதுவாகச் சுற்றி வந்தது ரயில். “ஏறுததுக்கு இஞ்சின் போதும் தம்பி. எறங்குததுக்குத்தான் ஆளு வேணும்” என்றார். கணக்குப்படி அது சரியான தீர்வு. அன்று ஒப்புக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன்.

போன ஜனவரியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதுவும் ஒரு துரை விட்டுப்போனதுதான். சத்தத்துக்குக் குறைவில்லை, பிரேக் பெயருக்கு. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சாவி முழுவதும் மோட்டார் சைக்கிள்தான். பிளக்கில் கரி பிடித்தது, சங்கிலி அறுந்தது, பூசைக்குப் போன பாதிரியார்மேல் சேறடித்தது. ஒரு வாரம் சாவியை முறுக்கிவிட்டுச் சொன்னார்: “அன்னம்மாளுக்கு ஓட்டச் சொல்லிக்குடுக்கேன்.”

ரயில் நின்றதும் சுப்பையா சாவியைப் பிடுங்கினார். “நல்லாயிருக்கு அண்ணாச்சி! பொம்பளைக்கு மோட்டார் சைக்கிளா? மதினி ஒங்களப் பின்னால ஏத்திக்கிட்டு ஊரச் சுத்தப் போறாகளா?”

அடுத்தது வைத்தியநாதன். “எங்காத்துல சைக்கிள் மணி கேட்டாலே மாமியார் உள்ள போய்டுவா. நீர் என்னடான்னா ஆத்துக்காரியை இஞ்சின் மேல ஒக்காத்தி வச்சிருக்கீர்!”

என் முறை வந்தது. “வண்டி எடை அக்காவைவிட மூணு பங்குங்க. சாஞ்சா தூக்க முடியாதுங்க” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

சமையலறையிலிருந்து அன்னம்மாள் அக்காவின் குரல் வந்தது: “நேத்தே சாஞ்சுட்டு தம்பி. கொழுந்தெடுக்க வந்த நாலு பொம்பளைக தூக்கி நிறுத்திட்டுப் போனாக.”

அக்காவுக்கு வண்டி கற்றுக்கொடுப்பதன் காரணத்தை அண்ணன் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறன்று சொன்னார். “எனக்கு மூச்சு சரியில்ல. டாக்டர் பாத்துட்டாரு, நெஞ்சுல கோளாறு. நான் போயிட்டா இந்த வீடு தோட்டக் கம்பெனிக்குப் போயிரும். ரெண்டு பிள்ளைகளோட அன்னம்மா மலை எறங்கணும். இங்க உள்ள மருத்துவச்சி வருசக் கடைசிக்குள்ள ஊருக்குப் போறா. அன்னம்மா கல்யாணத்துக்கு முந்தி மிஷன் ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்கப் படிச்சவ. அந்த வேலை கெடைச்சா வீடு நிக்கும். தோட்டத்து மூணு டிவிஷனுக்கும் போவணும், நடந்தா ஆவாது. அதான் வண்டி.”

ரயில் நின்றது. நான் சட்டத்தை மறந்து, “வேற டாக்டர்கிட்டக் காட்டினீங்களாண்ணா?” என்று கேட்டுவிட்டேன். அவர் விரலால் மேசையைத் தட்டினார். “ஒன் சாவி வரட்டும் தம்பி.” அடுத்த சாவி சுப்பையாவுடையது. அவர் அதை முறுக்காமல் இஞ்சினை அண்ணன் பக்கமே நகர்த்தி வைத்தார்.

அதன் பிறகு நாங்கள் கேலி செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். கேலி செய்தோம், அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அன்னம்மாள் அக்கா எருமையைக் கண்டு ஹாரன் அடித்ததும், எருமை நகராமல் அண்ணன் இறங்கிப்போய் அதனிடம் கெஞ்சியதும் இரண்டு வாரப் பேச்சாக ஓடியது. ஜூலை முடிவில் அக்கா மேல் டிவிஷன்வரை ஏறிவிட்டார். அடுத்த வாரம் இறக்கம் சொல்லித்தர வேண்டும் என்றிருந்த அண்ணன் படுத்துவிட்டார்.

அடக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நீங்கள் பார்த்தீர்கள். வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி ஆள் வந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

போன ஞாயிறு, செப்டம்பர் 2, நாங்கள் மூவரும் கூடினோம். எங்கள் முன்னிருந்த கேள்வி, மேசையை எங்கே கொண்டுபோவது என்பது. இரண்டாகப் பிரித்து லாரியில் ஏற்றலாம் என்றார் சுப்பையா. தபாலாபீஸ் பின்னறை ஈரம், பலகை உப்பிவிடும் என்றார் வைத்தியநாதன். நான் அறுக்க வேண்டிய இடத்தில் கரிக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்கள் ஒரு பொம்மைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தோம்.

அன்னம்மாள் அக்கா உள்ளேயிருந்து வந்து நான்காவது நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அதுவரை அவர் உட்கார்ந்ததில்லை. இஞ்சினை எடுத்தார். முழுச் சாவி முறுக்கித் தண்டவாளத்தில் விட்டார்.

“இது அவுக சாவி. நான் பேசுதேன். டாக்டர் ஐயா மருத்துவச்சி வேலை தாரேங்காரு. ஆனா ஒண்ணாந்தேதி காலையில மேல் டிவிஷனுக்கு வண்டியில போயி எறங்கி வந்து காட்டணும்னுட்டாரு. நடந்து போனா நான் போயிச் சேருமுன்ன பிள்ள பெறந்துருமாம், அது வாஸ்தவந்தான். ஏறிருவேன். நேத்தும் தனியா ஏறுனேன். எறங்கத் தெரியல. அஞ்சு வளைவும் வண்டியத் தள்ளிக்கிட்டு நடந்துதான் வந்தேன். ரெண்டாவது வளைவுல பிடி நழுவி, இந்தா, கை செராய்ச்சிட்டு. வேலை கெடைச்சா இதே வீடு எங்களுக்கு. மேசையும் இங்கயே கெடக்கும். கெடைக்கலன்னா பிள்ளைகள இழுத்துக்கிட்டு அண்ணன் வாசல்ல போயி நிக்கணும். அவுக சொல்லுவாகல்லா, எறங்குததுக்குத்தான் ஆளு வேணும்னு. ஒங்க மூணு பேர்ல யாருக்கு எறக்கம் தெரியும்?”

இறக்கத்தில் கம்பளி வைத்த பெட்டி உரசிக்கொண்டே வந்தது. ரயில் ஸ்டேஷனுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

சட்டப்படி யாரும் பதில் சொல்லக்கூடாது. நான் இஞ்சினை எடுத்து முறுக்கினேன். “நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வண்டியோட வாங்கக்கா” என்றேன். மீதிச் சாவி தீரும்வரை நான்கு பேரும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு கரிக்கோட்டைத் துடைத்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுண்டு. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம். முழுதாக வரவில்லை. பாதிச் சாவிவரை வருகிறது. மற்றபடி இனி நான் செய்யப்போவது:

1. பின்சக்கரப் பிரேக்குக்குப் புதுப் பட்டை. முன்சக்கரத்துக்கும்தான், அது பிடிப்பதே இல்லை.

2. சங்கிலிமேல் தகர மூடி. சேலை சிக்கக்கூடாது. தகரம் ஸ்டோரில் கேட்க வேண்டும். புது ஸ்டோர்கீப்பர் எதற்கென்று கேட்காமலே கொடுத்துவிடுவார், பரவாயில்லை.

3. மழை விட்டாலும் விடாவிட்டாலும் தினம் காலை இறக்கப் பயிற்சி. இஞ்சினை அணைக்காமல், சின்னக் கியரில், ஒரு நாளைக்கு ஒரு வளைவு. ஐந்தும் வந்தபின் மேலிருந்து கீழ்வரை. நான் பின்னால் ஏறமாட்டேன். ஒண்ணாந்தேதி அக்கா தனியாகத்தான் இறங்க வேண்டும். சுப்பையா மேல் வளைவில் லாரிகளை நிறுத்துவார், நான் கீழ் வளைவில் நிற்பேன்.

4. ஒண்ணாந்தேதிவரை மேசைமேல் ரம்பம் படாது.

5. ஞாயிறு, மாலை நான்கு மணி. நான்காவது சாவி அன்னம்மாள் அக்காவுடையது. குறுக்கே பேசமாட்டேன்.