எருமை விலகிய பிறகு நான் மாற்றிய பிரேக்

திருவரங்குளம் வளைவில் ஓர் எருமைக்கு முன்னால் எங்கள் கார் நிற்கவில்லை. எருமைதான் பெரிய மனது பண்ணி விலகிப்போனது. அன்று இறங்கிய என் மனைவி அதன்பிறகு அந்தக் காரில் ஏற மறுத்துவிட்டாள்.

வண்டிக்கு வயது பதினேழு. முன்சக்கரங்களுக்குள் இருக்கும் இரும்பு வட்டு, அதாவது டிஸ்க், தேய்ந்துவிட்டது என்றார் மெக்கானிக். “அவர் எதுக்கு? நானே மாத்துறேன்” என்று வீட்டில் அறிவித்தேன். கைபேசியில் ஏழு வீடியோ பார்த்தவனுக்கு இந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி? புதன்கிழமை ஆவுடையார்கோவிலில் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம். அவர் தங்கச்சியான என் மனைவி பஸ்ஸில் போய் இறங்கினால் என் மானம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டேன். பழைய டிஸ்க் துருவேறி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுத்தியலால் அடித்தேன், கெஞ்சினேன், கெட்ட வார்த்தை சொன்னேன். கடைசியில் சொன்னதற்குத்தான் மசிந்தது. இரண்டு பக்கமும் புது டிஸ்க் மாட்டி, அதைக் கவ்விப் பிடிக்கும் புது பேடுகளுக்கு இடம் வர, அவற்றைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே அழுத்தி, சக்கரத்தை முடுக்கி நிமிர்ந்தபோது மணி நாலு இருபது.

நாலரைக்கு ராகு காலம். ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசுகிற நான், சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். வீடியோவின் கடைசியில் ஏதோ சொன்னார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

“ஒரு தடவ நம்பி ஒக்காரு” என்றேன் மனைவியிடம். சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு ஏறினாள்.

பழங்கள் நாலும் அழகாக நசுங்கின. பிரேக்கை மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது, வண்டி கேட்டைத் தொட்டது. கேட்டை உடைத்துக்கொண்டு ரோட்டுக்கே போயிருக்கும். அவள்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டு இறங்கினாள்.

வீடியோவின் கடைசியைப் பார்த்தேன். உள்ளே அழுத்திய பிஸ்டன் திரும்ப வெளியே வர, வண்டியை எடுக்கும் முன் மிதி இறுகும்வரை பலமுறை மிதிக்க வேண்டுமாம். மிதித்தேன். கல்லாக இறுகியது.

“இப்ப சரியாப் போச்சு, ஏறு.”

“சாவியக் குடுங்க” என்றாள். அவளுக்கு லைசென்ஸ் இருக்கிறது. நான்தான் ஒருநாளும் சாவி கொடுத்ததில்லை. “நா வண்டிய பின்னாடி எடுத்துட்டு, திரும்ப முன்னாடி ஓட்டிட்டு வாரேன். நீங்க அங்கிட்டுப் போயி கேட்டுக்கு முன்னாடி நில்லுங்க.”

நின்றேன். வண்டி மெதுவாக வந்தது. நிற்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கால்களுக்குத்தான் தெரியவில்லை. அவை என்னைச் செம்பருத்திச் செடிக்குள் கொண்டுபோய் விட்டன.

வண்டி மூன்று முழம் தள்ளியே அலுங்காமல் நின்றது. கண்ணாடியை இறக்கினாள்.

“ஒங்க வேலைய நீங்களே நம்பல. என்னைய மட்டும் ஏறச் சொன்னீங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. இலைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு செடியிலிருந்து வெளியே வந்தேன்.

புதன்கிழமை ஆவுடையார்கோவிலுக்கு அவள்தான் ஓட்டினாள். “வாங்க மாப்ள” என்று டிரைவர் பக்கம் ஓடிவந்த மைத்துனர், அங்கே தங்கச்சியைப் பார்த்துத் திகைத்துப் போனார். பிறகு, “பழைய வண்டியாச்சே, பிரேக்கெல்லாம் புடிக்குதா?” என்று கேட்டார்.

“இவங்கதாண்ணே புதுசா மாத்துனாங்க. நல்லா புடிக்கிது” என்றாள் அவள்.

அதற்குப் பதில் என்னை நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாம்.