பெருமுக்கல் மலைக்கு ஒரு வெள்ளிக் குழாய்

பெருமுக்கல் அப்பாதுரை முன்கோபக்காரர். ஆனால் வாக்குத் தவறாதவர். முப்பத்தெட்டாம் வருஷம் மூலநோய் வந்து, நிலக்கடலை மூட்டை ஏற்றிய மல்லாட்டை வண்டியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே பார்ப்பதற்காக டாக்டர் கைப்பிடி வைத்த குழாய் ஒன்றை எடுத்ததும், மலைக்கோயில் சாமிக்கு வெள்ளிக் காணிக்கை போடுவதாக அவசரமாக வேண்டிக்கொண்டார்.

நோய் குணமாகிவிட்டது. கண் நோவு தீர்ந்தால் வெள்ளிக் கண், கால் நோவு தீர்ந்தால் வெள்ளிக் கால் என்று செய்து போடுவது ஊர் வழக்கம். தனக்கு நோவு தீர்ந்த இடத்தை வெள்ளியில் செய்து சாமி முன்னால் வைக்க அப்பாதுரைக்குக் கூச்சம். யோசித்து யோசித்து, கடைசியில் டாக்டரின் குழாயையே பத்தரிடம் வெள்ளியில் செய்து வாங்கிவிட்டார்.

"என்ன இது அப்பாதுரை?" என்றார் குருக்கள்.

"வாங்கி வெச்சிக்குங்க சாமி. கேள்வி கேட்டுக்கினு நிக்காதீங்க."

கார்த்திகை தீபத்தன்று டாக்டர் குடும்பத்தோடு மலையேறி வந்தார். குருக்கள் அந்த வெள்ளிக் குழாயைப் புனலாக வைத்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் குழாயைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, கூட்டத்தில் நின்ற அப்பாதுரையைப் பார்த்தார்.

அப்பாதுரை பதறிப்போய்க் கைகூப்பினார்.

"புதுசுங்க டாக்டரய்யா! யாருக்கும் வெச்சிப் பாக்கலீங்க!"