புகைபோக்கிக்குள் ஒரு சாக்கு

கொத்தனாருக்கு உயரம் ஆகாமல் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அவர் விழவில்லை, அடிபடவும் இல்லை. ஒரு நாள் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தபோது சுவர் மெல்லச் சாய்வதுபோல் இருந்தது. சாய்ந்தது சுவர் அல்ல. காதுக்குள் கோளாறு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, தலைசுற்றல் தீரவில்லை. ஏணியில் மூன்றாம் படியைத் தாண்டினால் எல்லாம் சுழன்றது. ஏற முடியாதவரை வேலைக்கு அழைப்பார் யாருமில்லை.

தங்கைதான் அழைத்தாள். வீட்டில் ரொட்டி சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள். பின்கட்டு வெளியில் செங்கல் அடுப்பும், அதற்குப் பன்னிரண்டடிப் புகைபோக்கியும் வேண்டும் என்றாள்.

"மேல ஏறுற வேலைம்மா. வேற ஆளைப் பாரு."

"ஏறத்தான் வீட்ல ஒருத்தர் லீவு போட்டுட்டு உக்காந்திருக்காரே. நீ கீழ நின்னு சொல்லுண்ணே, அவர் செய்யட்டும்."

அவள் கணவர் பஸ் கண்டக்டர். "இருபது வருஷம் படியில தொங்கிட்டே போனவன் மச்சான். இந்த உசரமெல்லாம் எனக்கு ஜுஜுபி," என்றார்.

தோள் உயரம்வரை கொத்தனாரே கட்டினார். அடுப்பின் முதுகிலிருந்து சாய்வாகக் கிளம்பிப் பிறகு நேராக நிமிரும் குழாய். கை பழைய கணக்கில் ஓடியது. கலவை உள்ளே விழுந்து வழியை அடைக்காமலிருக்க, வைக்கோல் திணித்த சாக்கு ஒன்றைக் குழாய்க்குள் இறுக்கமாக இறக்கி, அதன் கயிற்றை மேலே விட்டிருந்தார். மூன்று செங்கல் வரிக்கு ஒருமுறை கயிற்றை இழுத்தால் சாக்கும் மேலே வரும், விழுந்த கலவையும் அதோடு வரும். அந்த இரண்டு நாளும், தான் இன்னும் கொத்தனார்தான் என்று அவருக்குத் தோன்றியது. அதைத்தான் அவர் அந்த அடுப்பிடம் கேட்டார், ரொட்டியை அல்ல.

அதற்கு மேல் கண்டக்டர் ஏறினார். கொத்தனார் கீழேயிருந்து கழுத்து வலிக்கக் கத்தினார்.

"மாப்ளே, இடது பக்கம் தூக்குக்குண்டு தொடுது பாருங்க. ஒரு நூல் உள்ள தட்டுங்க!"

"தட்டிட்டேன். ரைட், போலாம்!"

நான்காம் நாள் மாலை புகைபோக்கி முடிந்தது. தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரம் ஈரம் காயவிட்டு, தங்கை சின்னதாக நெருப்பு மூட்டினாள். புகை மேலே போகவில்லை. அடுப்பின் வாய் வழியே திரும்பி வந்து மூவரையும் இருமவைத்தது.

கொத்தனார் அண்ணாந்து குழாயின் உச்சியைப் பார்த்தார். "மாப்ளே, சாக்கு எங்க?"

"எந்தச் சாக்கு?"

"கயிறு தொங்கிச்சே."

"அதுவா? கையில மாட்டிக்கிட்டே இருந்துச்சு மச்சான். இழுத்தேன், மூணடி மேல வந்துட்டு நின்னுடுச்சு. அறுத்துட்டேன்."

கோபப்படக் கொத்தனாரிடம் நியாயம் இல்லை. கயிறு எதற்கென்று அவர் சொல்லவே இல்லையே. முப்பது வருடம் கையே இழுத்துக்கொண்ட கயிறு அது; அதை வாயால் சொல்ல வேண்டிய நாள் வந்ததில்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட முடியும் என்று நினைத்திருந்தார். தனக்கு என்னென்ன தெரியும் என்பதே தெரியாதபோது எதைச் சொல்வது?

மேலிருந்து கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார் கண்டக்டர். சாக்கின் மேல் விழுந்த கலவை கல்லாக இறுகியிருந்தது. ஒரே வழிதான். எட்டடி உயரத்தில், மேல்பாரம் அசையாமல் நான்கு செங்கல்லை உருவி, சாக்கை எடுத்துவிட்டு, திரும்ப வைக்க வேண்டும். செங்கல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது உளி பிடித்தவனுக்குத்தான் தெரியும். அதைக் கீழே நின்று கத்த முடியாது.

"நான் ஏறுறேன்," என்றார் கொத்தனார்.

மூன்றாம் படி. நான்காவது. கண்ணை மூடினால் நிற்குமென்று மூடினார், இருட்டும் சுழன்றது. ஏணியைக் கட்டிப்பிடித்தபடி நின்றுவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கண்டக்டர் பின்னால் ஏறி, அவருடைய பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படியில் வைத்து இறக்கினார்.

"திங்கக்கிழமைலேருந்து ரொட்டி தர்றதா கடைக்காரங்ககிட்ட சொல்லிட்டேண்ணே," என்றாள் தங்கை, தரையைப் பார்த்தபடி.

"வேற ஆளைக் கூப்பிடும்மா."

மறுநாள் வந்த ஆளுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். புகைபோக்கியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான். "அடி நல்லா கட்டியிருக்கு. சாக்கை விட்டுட்டுப் போன மகராசன் யாரு?" என்று சிரித்தான். கண்டக்டர் வாயைத் திறக்கப் போக, கொத்தனார் வேண்டாமென்று தலையசைத்தார்.

அவன் சாரத்தில் ஏறி உட்கார்ந்து உளியை வைத்தான். சத்தத்தை வைத்தே அவன் கை சுத்தமான கை என்று கொத்தனாருக்குத் தெரிந்தது. முதல் செங்கல் உடையாமல் வெளியே வந்தது. அவன் கீழே பார்த்தான்.

"பெரியவரே, சும்மா நிக்கிறதுக்குக் கொஞ்சம் கலவை குழைச்சுக் குடுங்க. சிமென்ட் எவ்வளவு, மணல் எவ்வளவுன்னு நான் சொல்றேன்."

"சொல்லுப்பா," என்றார் கொத்தனார். அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.