சாக் பவுடர் பூசிய கை

பதினாறு வயதில் பளுதூக்கும் போட்டியில் மாநிலப் பதக்கம் வாங்கினேன். அடுத்த ஆண்டு, தலைக்கு மேல் தள்ளாடிய பளுவைக் கீழே போட மனமில்லாமல் பிடித்துக்கொண்டதில் தோள் பிசகியது. அதன்பின் பளுக்கம்பியைத் தொடவே பயந்தேன்.

சத்துவாச்சாரியில் எங்கள் பயிற்சிக்கூடத்துக்கு வந்த விளையாட்டு மனநல ஆலோசகர் மெலிந்த பெண். எதையும் தூக்காதவர், பிடி வழுக்காமலிருக்க நாங்கள் பூசுவது போலவே உள்ளங்கையில் சாக் பவுடர் பூசிக்கொண்டுதான் பேசுவார். பளுவை முழுதாகத் தூக்க அவர் சொல்லவே இல்லை. தள்ளாடினால் பாதியில் கைவிட்டு விலகத்தான் பழக்கினார்.

போட்டியன்று மேடையருகே, "பயமா இருக்குதா?" என்றார்.

"இல்ல மேடம்."

"எனக்கு ஜாஸ்தியா இருக்கு. பயமில்லன்னு சொல்றவன் தள்ளாடுறப்பவும் கம்பிய விடமாட்டான்."

அவர் நீட்டிய கையில் பவுடர் வியர்வையில் குழைந்திருந்தது.

"ரொம்ப பயமா இருக்கு மேடம்" என்றேன். அப்புறம்தான் வழிவிட்டார்.

இன்றும் மேடையேறுமுன் அந்த ஈரக் கையைத் தேடுகிறேன்.